குடுத்தாச்சு, உட்காரு

அவரோடு ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டால் நம்முடைய பர்ஸுக்கு அன்றைக்கு வேலை இல்லை. கையை உள்ளே விட்டுச் சில்லறையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே முன் சீட்டிலிருந்து குரல் வந்துவிடும்: "குடுத்தாச்சு, உட்காரு." கண்டக்டர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. எல்லோரும் அவரைக் காக்காக் என்று கூப்பிடுவோம், மலாயில் அக்கா. அவர் அதற்குள் டிக்கெட்டைக் கிழித்து நம் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருப்பார். நம் கை மட்டும் அசடு மாதிரி பர்ஸுக்குள்ளேயே இருக்கும்.

புக்கிட் ரம்பாயில் எங்கள் வரிசை வீடுகளில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர் அந்த முன் சீட்டுக்காரர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாமா என்றால் அந்தத் தெருவில் அவர்தான். சுங்கை ரம்பாய்ப் பக்கத்தில் பால்மரக்காட்டில் இருந்தவர், அந்த ரப்பர் எஸ்டேட் கைமாறியதும் இங்கே வந்து, மலாக்கா டவுனில் ஒரு சீனரின் ஹார்ட்வேர் கடையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். துவைத்து மடித்த அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சீப்பு, மேலே எப்போதும் பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை. அவருக்கு முன்னால் பஸ்ஸில் போய் உட்கார்ந்திருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்போம். முடியாது. தெருமுனைக்கு வரும்போதே காக்காக்கிடம் கையைக் காட்டிவிடுவார்.

அந்த ஊர்ப் பெரியவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டுதான். தெரிந்த முகம் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்துவிடுவது ஒரு மரியாதை. எடுக்காவிட்டால், "என்னைப் பார்த்தும் பாக்காத மாதிரி இருந்தான்" என்று வீடு வரைக்கும் பேச்சு வரும். ஆனால் மற்றவர்கள் ஆள் பார்த்துச் செய்வார்கள். மாமாவுக்கு அந்தக் கணக்கே இல்லை. கோயில் கமிட்டியில் மைக் செட் விஷயமாக ஒருவரோடு கைகலப்பு வரைக்கும் போனார். மறுநாள் காலை அந்த மனிதர் பஸ்ஸில் ஏறினார். மாமா டிக்கெட் எடுத்துக்கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கேட்டதற்கு, "சண்டை வேற, டிக்கெட் வேற லா" என்றார்.

அவருக்காக யாரும் எடுத்துவிட முடியாது. என் அண்ணன் ஒருமுறை முந்திக்கொண்டு எடுத்துவிட்டான். மாமா அடுத்த நிறுத்தத்தில் மணியை அடித்து இறங்கி, வெயிலில் நின்று பின்னால் வந்த பஸ்ஸில் வந்தார். அண்ணனுக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அந்த வம்புக்குப் போகவில்லை.

எனக்கு அது பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவுனில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும், "இனிமே நானே குடுத்துக்கிறேன் மாமா" என்று சொன்னேன். "ஆமாமா, குடுத்துக்க" என்று தலையை ஆட்டினார். மறுநாள் ஏறினால் டிக்கெட் தயாராக இருந்தது. நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். கொடுக்கிற கை நல்ல கைதான். ஆனால் அது எப்போதும் நம்மைவிட முந்திக்கொள்கிறது.

ஒரே மகளின் கல்யாணத்திலும் அந்தக் கை முந்திக்கொண்டது. எஸ்டேட்டிலேயே தங்கிவிட்ட தங்கையைப் பார்க்கப் போனவர், தங்கை மகனுக்குப் பெண் தருவதாகச் சொல்லிவிட்டு வந்து வீட்டில் அறிவித்தார்: "வாக்குக் குடுத்தாச்சு." அவளிடம் கேட்கவில்லை. அவள் டவுனில் துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள். லாரி ஓட்டுகிற ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மாமா பூட்டைத் திறக்கவில்லை. "எனக்கு மக இல்ல" என்றார், தெருவே கேட்கும்படி. அவளும் அவர் மகள்தானே. "அப்ப எனக்கும் அப்பா இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

இருவரும் டவுனுக்குப் போகும் வழியில் கிளேபாங்கில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்குச்சட்டியோடு மகளைப் பார்க்கப் போய்வருவார். மாமா தடுக்கவில்லை. எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

ஆனால் கிளேபாங்கிலிருந்து டவுனுக்கு அந்த நேரத்தில் எங்கள் பஸ்தான். மகள் வேலைக்குப் போக அதில்தான் ஏறியாக வேண்டும். அவள் முதல் நாள் ஏறியது எனக்கு நினைவிருக்கிறது. பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் தெரு ஆட்கள். எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தோம். மாமா தலையைத் திருப்பவில்லை. காக்காக்கைப் பார்த்து விரலை மட்டும் பின்னால் காட்டினார். காக்காக் டிக்கெட்டைக் கிழித்து அவளிடம் நீட்டி, "பாக்சிக் சூடா பாயார்" என்றார். பெரியவர் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். தூக்கி எறிவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அதை வாங்கி, சின்னதாக மடித்து, கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொண்டு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு அதுவே தினப்படி ஆனது. அவர் முன்னால், அவள் பின்னால். பேச்சில்லை, பார்வையில்லை. விரல் மட்டும் காட்டும், டிக்கெட் போகும், கடிகாரப் பட்டைக்குள் செருகப்படும். பல மாதங்கள், பிறகு சில வருஷங்கள். நான் அந்தக் காலத்தில் காலையில் பாதித் தூக்கத்தில்தான் பஸ் ஏறுவேன், எதுவும் எனக்கு உறைக்காது. அப்பனும் மகளும் பேசாமல் போகிற பஸ், அவ்வளவுதான். அத்தைக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டும் ஒரே கல்லு. ஆனா அந்த டிக்கெட்ட இவரு எடுக்குறாரு, அவ வாங்கிக்கிறா. அது ஒண்ணு இருக்குற வரைக்கும் எனக்குப் பயமில்ல. அது நின்னுச்சுன்னா எல்லாம் நின்னுரும்."

தொண்ணூறுகளின் கடைசியில் கார்டு வந்தது.

கோலாலம்பூரில் வந்துவிட்டதாம் என்று எங்கள் தடத்தில் ஓடிய கம்பெனிக்கும் ஆசை வந்துவிட்டது. டிரைவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். கார்டை அதற்குள் செருகவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். கிட்டத்தில் காட்டினால் போதும், 'டிட்' என்று பச்சை விளக்கு எரியும். நம்மவர்கள் அதை நம்ப வெகு நாளாயிற்று. கைப்பையோடு பெட்டிமேல் வைத்துத் தேய்த்தவர்கள் உண்டு. பச்சை எரிந்ததும் கற்பூரத் தட்டைத் தொட்டதுபோலக் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கிழவிகள் உண்டு. ஆயுத பூஜை அன்று அம்மா என் கார்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மறுநாள் பெட்டி அதையும் ஏற்றுக்கொண்டு 'டிட்' என்றது.

காக்காக்கை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சில்லறை வாங்குவதும் கொஞ்ச நாளில் நின்றுபோனது. முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற அந்தக் கார்டில் நம் படம் இருக்கும். ஓர் ஆளுக்கு ஒரு கார்டு, ஒரு பயணத்துக்கு ஒரு தடவை. இரண்டாம் தடவை காட்டினால் சிவப்பு எரிந்து கத்தும்.

மாமா முதல் நாள் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பச்சை. அடுத்து நான் ஏறினேன். என் கை பர்ஸுக்குள் போவதற்குள் மறுபடி காட்டினார். சிவப்பு. பெட்டி கத்தியது. டிரைவர் தமிழ்ப் பையன். "மாமா, ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான் லா" என்றான்.

"இவளும் நம்ம தெருதான்ப்பா."

"மெஷினுக்குத் தெரு எல்லாம் தெரியாது மாமா."

"அப்ப கூட ஆளு வந்தா என்னா பண்றது?"

"அவங்க கார்ட அவங்க தட்டணும்."

மாமா கார்டின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். நான் என் கார்டைத் தட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளேபாங்கில் மகள் ஏறினாள். மாமா கையில் கார்டோடு சீட் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவளும் ஒரு கணம் படியருகில் நின்றாள், காக்காக் இல்லாத இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் கார்டை எடுத்துத் தட்டினாள். 'டிட்.' கடிகாரப் பட்டைக்குள் செருக ஒன்றும் இல்லை. பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்த வாரமே அத்தை பெயரில் ஒரு கார்டு எடுத்தால் இரண்டாவது கார்டு கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. படம் எடுக்க வரச் சொல்லிக் கூப்பிட்டாராம். அத்தை அசையவில்லை. "அவகிட்ட பேசணும்னா வாயத் தெறந்து பேசச் சொல்லு. அதுக்கு எம்மூஞ்சிய எதுக்கு மெஷினுல காட்டணும்?" என்று என் அம்மாவிடம் வந்து பொரிந்தார். அம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தார். இருவருமாகத் தேத்தண்ணி குடித்தார்கள்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, மாமா பஸ்ஸில் ஏறிக் கார்டைக் காட்டவில்லை. "இரு, அப்புறம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கிளேபாங் வந்தது. மகள் கார்டைக் கையில் பிடித்தபடி படியில் கால் வைத்தாள். மாமாவின் கை நீண்டு பெட்டியைத் தொட்டது. 'டிட்.' பச்சை.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்தாள். அது அணைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, தன் கார்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள். மாமா முன் சீட்டில் உட்கார்ந்து வேட்டியை இழுத்துவிடுவதுபோலக் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். யார் காசிலும் பஸ் ஏறாத மனிதர் அன்றிலிருந்து டிக்கெட் இல்லாமல் வந்துகொண்டிருந்தார். தன் பங்கைக் கட்டுவதற்குக் கவுண்டருக்குப் போனாராம். பணம் வாங்க வழியில்லை, கார்டுதான் தட்டணும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டிரைவர் பையன் கண்டுகொள்ளவில்லை. நாங்களும் கண்டுகொள்ளவில்லை. அத்தை மட்டும் துணி காயப்போடும்போது கொஞ்சம் பாடிக்கொண்டிருந்தார்.

செக்கர் ஒருநாள் லிம்போங்கானில் ஏறினார். டை கட்டிய மலாய் இளைஞர், கையில் ஒரு சின்ன மெஷின். ஒவ்வொருவர் கார்டாக வாங்கி வைத்துப் பார்த்தார். என்னுடையது சரி. மாமாவுடையதும் சரி. அவர் கார்டில்தான் அன்றைக்குத் தட்டியிருக்கிறதே. கடைசி சீட்டுக்குப் போனார். மகள் கார்டை நீட்டினாள். மெஷினில் ஒன்றும் இல்லை. மறுபடி வைத்துப் பார்த்தார். "நீங்கள் தட்டவே இல்லை" என்று மலாயில் சொன்னார். அபராதம் எழுதுகிற சம்மன் புத்தகத்தை எடுத்தார். துணிக்கடைச் சீருடையில் உட்கார்ந்திருந்த அவளை மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. 

மாமா எழுந்து, ஓடுகிற பஸ்ஸில் சீட் சீட்டாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். "அவங்க மேல தப்பில்ல. நாந்தான் தட்டாதது" என்றார், அவருக்குத் தெரிந்த மலாயில்.

"உங்கள் கார்டு சரியாக இருக்கிறதே?"

"அது அவங்களுக்குத் தட்டுனது."

செக்கருக்குப் புரியவில்லை. ஒருவர் கார்டில் இன்னொருவர் போக முடியாது, அது ஏமாற்று வேலை என்றார். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்: "டியா சியாப்பா?" இவர் உங்களுக்கு யார்?

மாமா வாயைத் திறந்தார். மூடினார். எங்கள் தெருவில் பாதி அங்கே இருந்தது. மகள் இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள். மலாயில் ஒரு சொல் போதும். அவருக்கு அது வரவில்லை. பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அனாக் டியா" என்றாள் அவள்.

இவருடைய மகள் என்று அர்த்தம். செக்கரைப் பார்த்துத்தான் சொன்னாள். மாமாவைப் பார்க்கவில்லை. அப்பா என்ற சொல்லும் அதில் இல்லை. ஒரு ஃபாரத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, மேலும் கீழும் இல்லாத குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செக்கர் சம்மனை மாமா பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெங்கெராவில் இறங்கினார். மாமா அதைச் சீப்பு இருந்த பையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். டவுன் வந்தது. இறங்கினோம். இப்போதாவது இரண்டும் ஒரு வார்த்தை பேசும் என்று நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நின்றேன். மாமா கடைப் பக்கம் நடந்தார். அவள் துணிக்கடைப் பக்கம் நடந்தாள். எனக்கும் நேரமாகிவிட்டது.

மறுநாள் மாமா ஏறியதும் தன் கார்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கிளேபாங்கில் மகள் ஏறினாள். கையில் கார்டு இல்லை. கைப்பை மூடியே இருந்தது. பெட்டிக்கு எதிரே வந்து நின்றாள். மாமா வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் ஏறியவர்கள் நெருக்கினார்கள். "தட்டும்மா" என்றான் டிரைவர். அவள் பையைத் திறந்து, தேடி, கார்டை எடுத்துத் தட்டினாள்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளை இன்னொரு தடவை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைக்கக் கூடாது என்றிருக்கலாம். அவள் வாயிலிருந்து கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனிக் கொடுக்க என்ன இருக்கிறது என்றிருக்கலாம். அவரிடம் கேட்டால் சொல்லமாட்டார். அன்றிலிருந்து எங்கள் பஸ்ஸில் எல்லோரும் அவரவர் கார்டைத் தட்டினோம். எல்லோருக்கும் பச்சை. நான் காலையில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனேன்.

தீபாவளிக்கு முன்னால் மாமா போய்விட்டார். கடையில் பெயிண்ட் டின் அடுக்கிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன் என்று உட்கார்ந்து, எழுந்திருக்கவில்லை. வீட்டு ஹாலில் சாமான்களை வெளியே எடுத்துவிட்டுக் கிடத்தியிருந்தார்கள். கேட் விரியத் திறந்திருந்தது. மகள் முதல் ஆளாக வந்து கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். லாரிக்காரப் பையன் கூடாரத்தடியில் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அத்தை அழுதார், என் அம்மா அழுதார். மகள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. மூக்கில் ஊதுபத்தி வாடைதான் ஏறியது, தின்னர் வாடை இல்லை. அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனம் குழைத்து வைத்ததும், சடங்கு செய்தவர் நிமிர்ந்து, "நெத்திக்குக் காசு வேணும், ஒரு வெள்ளிக் காசா யாராச்சும் குடுங்கம்மா" என்றார்.

அத்தனை பேர் கையும் பைக்குள் போனது. மைக் செட் விஷயமாக அடித்துக்கொண்டவர் கையும் போனது. அவருக்காக யாரும் எதையும் கொடுக்க முடிந்ததில்லை, அந்த ஞாபகம் எங்கள் எல்லோருக்கும் இருந்திருக்க வேண்டும். நானும் பர்ஸுக்குள் கையை விட்டேன். முதலில் கார்டுதான் கைக்கு வந்தது. அதைத் தள்ளிவிட்டு அடியில் துழாவினேன்.

அதற்குள் மகள் எழுந்து தலைமாட்டுக்குப் போயிருந்தாள். உள்ளங்கையில் ஒரு வெள்ளிக் காசு, மஞ்சள் நிற ரிங்கிட். எப்போதிலிருந்து கையில் வைத்திருந்தாளோ, வியர்வையில் நனைந்திருந்தது. குனிந்து, சந்தனத்தின் மேல் அதை வைத்து, விழுந்துவிடாமல் கட்டைவிரலால் அழுத்தினாள். வெகு நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவரால் மணியடித்து இறங்கிக்கொள்ள முடியவில்லை.

பிறகு நிமிர்ந்து, பைக்குள்ளேயே இருந்த எங்கள் கைகளைப் பார்த்தாள்.

"குடுத்தாச்சு" என்றாள்.

நான் கையை வெளியே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.